கிராணி ஜாடி

19 ஜனவரி 1957, சனி

இன்றும் விரல்கள் கறுத்துவிட்டன. உப்பை அளக்க நான் சொட்டுச்சொட்டாக விடும் சில்வர் நைட்ரேட் பட்ட தோல் வெளிச்சம் கண்டதும் கறுக்கும். சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எதற்கும் அசையாது. திங்கட்கிழமை இந்த விரல்களில் சாக்குக்கட்டியைப் பிடித்துக்கொண்டு நான்காம் படிவ வகுப்புக்குச் சுத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும். நடத்துவேன்.

பொங்கல் முடிந்ததால் முட்டை விலை இறங்கியிருக்கிறது. வெள்ளைக்கரு எனக்கு. மஞ்சள்கரு, வேலிக்கு அந்தப் பக்கம் மலாக்காச் செட்டிகளின் கிராமமான செட்டிக் கம்பத்தில் இருக்கும் மக் பாக்கியத்துக்கு; மக் என்றால் மலாயில் அம்மா. அவர் அதைத் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துக் கிண்டி, காயாவாக்கி, ஒரு போத்தல் திருப்பி அனுப்புவார். கஜா பெராங்கில் என் ஆராய்ச்சியால் இதுவரை பலன் கண்டது காலை ரொட்டி ஒன்றுதான்.

தலைமையாசிரியர் நேற்று கேட்டார், வீட்டுப் பின்னறையில் அப்படி என்னதான் செய்கிறேன் என்று. பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்ய வேண்டாம், நாறுகிறது என்று அனுப்பியவரே அவர்தான். சொன்னேன்: செலோபேன் பையில் முட்டைப் புரதத்தை ஊற்றிக் கட்டி, உப்புக் கரைசல் உள்ள ஜாடியில் தொங்கவிடுகிறேன். உப்பும் தண்ணீரும் பைக்குள் போகலாம், வரலாம். புரதம் வெளியே வர முடியாது. சில நாள் கழித்து உள்ளே எவ்வளவு உப்பு, வெளியே எவ்வளவு உப்பு என்று அளக்கிறேன். புரதம் கொஞ்சம் தண்ணீரைத் தனக்கென்று பிடித்துக்கொண்டால், அந்தத் தண்ணீரில் உப்பு கரையாது. உள்ளே உப்பு குறைவாகத் தெரியும். உப்பின் அயனிகளைப் பிடித்துக்கொண்டால், அதிகமாகத் தெரியும். ஆக, புரதம் யாரோடு உறவு என்பதே கேள்வி.

"அது தெரிந்து?" என்றார்.

நம் உடம்பே உப்புத் தண்ணீரில் ஊறும் புரதம்தானே சார் என்றேன். அவர் தன் உடம்பை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அத்துடன் பேச்சு முடிந்தது.

இன்றைய முடிவு: ஒரு கிராம் புரதம், கால் கிராம் தண்ணீர். உலகத்தில் எல்லாரும் கண்டதும் அதுவே. மலாக்காவில் உட்கார்ந்து உலகத்தை ஆமோதித்திருக்கிறேன்.

27 ஜனவரி, ஞாயிறு

மூன்றாம் ஜாடியில் பை வெடித்துவிட்டது. ஒரு வார வேலை வெள்ளையாய் மிதந்தது.

அக்கா வாசலிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்.

"பாக்கியமும் மருமகளும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. அப்பவே நெனச்சேன் தம்பி."

"பை பழசுக்கா. கட்டும்போது நூலை இறுக்கிட்டேன்."

"ஊரெல்லாம் ஒன் ஜாடியப் பத்தித்தான் பேச்சு. கண்ணு படாம என்ன செய்யும்?"

அறையைக் கழுவும்போது ஒவ்வொரு ஜாடியாகக் காட்டி என்ன என்று கேட்டார். ஐந்து ஜாடியிலும் முட்டை. ஆறாவதில் வெறும் பை, புரதம் இல்லை.

"ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்கு ஜாடி?"

"மத்ததெல்லாம் ஒழுங்கா நடக்குதான்னு தெரிஞ்சுக்க."

யோசித்தார். எங்கள் அப்பா பால்மரம் சீவிய ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர் அக்கா. மரம் சீவாமல், வாளி தூக்காமல், தொப்பி போட்டுக்கொண்டு மற்றவர்களின் பேரைக் குறித்துக்கொள்ளும் ஆளை அவருக்குத் தெரியும்.

"அப்ப இதுதான் கிராணி."

விஞ்ஞானம் இந்த ஜாடிக்கு வைத்த 'கன்ட்ரோல்' என்ற பெயரைவிட இது சரியாக இருக்கிறது. சாக்குக்கட்டியால் 'கி' என்று எழுதி வைத்தேன்.

புதுப் பைகள் கட்டியாயிற்று. பசார்ச் சந்தை முட்டையை விட்டு, கிளேபாங்கிலிருந்து சைக்கிளில் வருபவரிடம் அன்றன்று இட்ட முட்டை வாங்கியிருக்கிறேன்.

2 பிப்ரவரி, சனி

இரண்டு கிராம். கால் அல்ல, இரண்டு. எங்கோ கை தவறியிருக்கிறது.

9 பிப்ரவரி, சனி

மறுபடியும். ஐந்து ஜாடியிலும். கிராணி மட்டும் ஒழுங்கு. உள்ளும் வெளியும் ஒன்று.

16 பிப்ரவரி, சனி

மூன்றாவது வாரம். இனி இதைத் தவறு என்று அழைப்பது அடக்கம் அல்ல, சோம்பல்.

பைதான் காரணம் என்றால் கிராணியின் பையும் அதே சுருளில் வெட்டியது. கரைசல் காரணம் என்றால் ஆறுக்கும் ஒரே கரைசல். மாறியது முட்டை ஒன்றுதான். பசார் முட்டை நாள்பட்டது. புரதம் சிதைந்து தண்ணீரை விட்டிருக்கலாம். கிளேபாங் முட்டை புதிது. அப்படியானால் இதுவரை உலகம் அளந்ததெல்லாம் பழைய முட்டையையா? லண்டனில், பெர்லினில், எல்லாரும் ஊசல் முட்டையை வைத்துக்கொண்டா எழுதினார்கள்?

நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் நினைக்க நன்றாக இருக்கிறது.

10 மார்ச், ஞாயிறு

சிங்கப்பூருக்கு, பேராசிரியர் பிரென்டிஸுக்கு எழுதினேன். என் முதுகலை ஆய்வுக்குக் காகிதத்தில் வழிகாட்டி அவர். எல்லா வார முடிவுகளையும் வைத்திருக்கிறேன். கோழிகளைப் பற்றி ஒரு பத்தி.

24 மார்ச், ஞாயிறு

பதில் வந்துவிட்டது. சாதாரணமாக மூன்று மாதம் எடுப்பவர்.

இருபது வருஷத்துக்கு முன் அவரும் இதையே அளந்தாராம். ஒரு கிராம் வரை கண்டு எழுதியிருக்கிறார். சகாக்கள் மரியாதையாகச் சிரித்தார்கள். மரியாதையாகச் சிரிப்பதில் அவர்கள் தேர்ந்தவர்கள். அதற்குப் பிறகுதான் சிங்கப்பூர் வந்தாராம். கடிதத்தில் அந்த இடத்தில் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது.

அக்டோபர் கடைசியில் லண்டனில் ஒரு கூட்டம். என் முடிவை அங்கே அவர் வாசிப்பார். அது நிலைத்து நின்றால் எனக்கு இரண்டு வருஷம் அங்கேயே ஆராய்ச்சி உதவித்தொகை. அவரே பேசி வைத்திருக்கிறார். கடைசி வரி: "கிளேபாங் கோழிகளுக்கு என் வணக்கம்."

முப்பது வயதில் ஒரு மனிதனுக்கு முட்டையிலிருந்து இவ்வளவு வரலாம்.

6 ஏப்ரல், சனி

அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை, நகைக்கடை, மசாலைக்கடை மூன்றுக்கும் தெரிந்துவிட்டது. துணிக்கடை ராஜமாணிக்கம் நடுத்தெருவில் என்னை நிறுத்தி, லண்டன் குளிருக்குத் தன்னிடம் உள்ள கம்பளியைத் தவிர வேறு எதுவும் தாங்காது என்றார். மலாக்காவில் அந்தக் கம்பளியை அவர் யாருக்காக வாங்கி வைத்திருந்தார் என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் சார்" என்றார்.

அக்கா அதை முன்னமே வாங்கிவிட்டார்.

11 மே, சனி

இரண்டு கிராம். இப்போதெல்லாம் சொட்டு அளக்கும் பியூரெட்டின் குழாயைத் திருப்பும்போதே தெரிகிறது. இவ்வளவு ஒழுங்கான இயற்கையை நான் பார்த்ததில்லை. என் மாணவர்கள் இவ்வளவு ஒழுங்கு இல்லை. நானும் இல்லை.

16 ஜூன், ஞாயிறு

ஊர் முழுக்க ஒரே பேச்சு: ஆகஸ்டில் சுதந்திரம் வந்த பிறகு யார் உள்ளே, யார் வெளியே. கணக்கு வாத்தியார் ராஜரத்தினம் யாழ்ப்பாணம் போவதா, இருப்பதா என்று தினமும் ஆசிரியர் அறையில் வாக்கெடுப்பு நடத்துகிறார். வாக்காளர் அவர் ஒருவரே. மக் பாக்கியத்திடம் யாரோ வந்து, உங்கள் குடும்பம் எப்போது இங்கே வந்தது என்று கேட்டார்களாம். போர்த்துகீசியருக்கு முந்தி என்றாராம். தேதி வேண்டும் என்றார்களாம்.

வேலியோரம் நின்று இதை மலாயில் சொல்லிச் சிரித்தார். அவருக்குத் தமிழ் வராது; செட்டிகள் வீட்டில் தலைமுறைகளாக மலாய்தான். சாமி பெயர்களும் பலகாரப் பெயர்களும் மட்டும். அக்காவின் மலாய் பசாரில் கற்றது. இரண்டு பேருக்கும் இடையில் சொல் குறைவு, புரிதல் அதிகம். நான் போகப்போவது தெரிந்ததும் அக்காவைப் பார்த்து "கெசியான்" என்றார் மக் பாக்கியம். பாவம் என்று அர்த்தம். அக்கா புரியாததுபோல் கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

14 ஜூலை, ஞாயிறு

உதவித்தொகை ஏறக்குறைய உறுதி. பேராசிரியர் ஆகஸ்ட் கடைசி வரை முடிவுகளை அனுப்பிக்கொண்டே இருக்கச் சொல்கிறார்.

அக்கா ஸ்வெட்டர் பின்னுகிறார். கையில் அளவெடுக்க நிற்கச் சொன்னார். வியர்த்துக் கொட்டியது.

"நீங்க தனியா எப்படிக்கா?"

"பாக்கியம் இருக்காங்க. கோயில் இருக்கு. நீ கைய மடக்காம நில்லு."

வேறு ஏதோ சொல்ல வந்தார். ஊசியில் கண்ணி நழுவிவிட்டது.

7 ஆகஸ்ட், புதன்

பள்ளி விடுமுறை. வாரத்துக்கு இரண்டு முறை அளக்கலாமென்று இன்றே எடுத்தேன்.

கால் கிராம்.

10 ஆகஸ்ட், சனி

புதனன்று எடுக்காமல் விட்டிருந்த ஜாடிகளை இன்று எடுத்தேன். இரண்டு கிராம். அதே முட்டை. அதே கரைசல். என்ன இது?

15 ஆகஸ்ட், வியாழன்

கால் கிராம். நேரம் போதவில்லையா? அப்படியானால் புதன், வியாழனில் உள்ளே உப்பு குறைவாக இருக்க வேண்டும். இல்லை, ஏறக்குறைய சமமாக இருக்கிறது. சனிக்கிழமைதான் குறைகிறது. சமநிலைக்கு வந்த ஒன்று இரண்டு நாளில் ஏன் மனம் மாறுகிறது?

17 ஆகஸ்ட், சனி

இரண்டு கிராம்.

மாலையில் ராஜரத்தினம் வந்தார். எண்களை முன்னால் வைத்தேன். காயா தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டே பார்த்தார்.

"என்னய்யா இது, உங்க புரோட்டின் வியாழன் வரைக்கும் யோக்கியன். சனிக்கிழமை ஆனா தண்ணி போடுது. நம்ம கோர்ட்டு கிளார்க்கு மாதிரிலா."

"விளையாடாதீங்க ராஜா."

"நானா விளையாடுறேன்? வெள்ளி ராத்திரி அது எங்க போகுதுன்னு போய்ப் பாருங்க."

சிரிக்கவில்லை நான். அடுத்த வெள்ளி உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு.

23 ஆகஸ்ட், வெள்ளி

எழுதிவிட வேண்டும்.

மத்தியானத்திலிருந்து பின்னறையிலேயே இருந்தேன். அவ்வப்போது பையிலும் ஜாடியிலும் கொஞ்சம் எடுத்துச் சோதித்தேன். உள்ளும் வெளியும் ஏறக்குறைய சமம். மறுபடி சமம். விளக்கு வைக்கும் நேரமும் ஆயிற்று. அக்கா தலை முழுகிய ஈரத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"கொஞ்சம் வெளிய போயேன் தம்பி."

"ஏன்?"

"கூட்டணும்."

கையில் துடைப்பம் இல்லை. மூடிய கை இருந்தது.

"கையில என்னக்கா?"

"உப்பு." சின்னக் குழந்தை பிடிபட்டதுபோல் இல்லை; கோயிலில் குறுக்கே நிற்பவனிடம் சொல்வதுபோல் சொன்னார். "நகரு. நேரமாச்சு."

நகர்ந்தேன். முதல் ஜாடியை மூன்று முறை சுற்றினார். "பாக்கியம் கண்ணு, பள்ளிக்கூடத்துக் கண்ணு, துணிக்கடைக்காரன் கண்ணு, போறவங்க வர்றவங்க கண்ணு." மெழுகுத்தாளைத் தூக்கி, கல்லுப்பை உள்ளே விட்டார். இரண்டாவது. மூன்றாவது. ஐந்து வரை. ஆறாவதைத் தாண்டிப் போனார்.

"எத்தனை நாளா இது?"

"பை வெடிச்சதுலேர்ந்து. வெள்ளிக்கு வெள்ளி. ஒரு வாரம் விட்டதில்ல. அப்புறம் ஒரு பையாவது வெடிச்சுதா பாரு."

"ஜாடிக்குள்ளயேவா போடுறது?"

"தண்ணியிலதான கரைக்கணும்? இது உப்புத் தண்ணிதான. நீயே அள்ளி அள்ளிப் போடுற. ஒரு பிடியில என்ன வந்துரும்?"

"அதுக்கு?" ஆறாவதைக் காட்டினேன்.

"கிராணிக்கா?" சிரித்தார். "ஒண்ணுமே இல்லாததுக்கு யாரு கண்ணு வைப்பா?"

சிரிப்பு வந்துச்சு எனக்கும். நெசமாவே வந்துச்சு. அப்புறம் கோவம். ஏழு மாசம்! லண்டன், பேராசிரியர், கம்பளி — எல்லாம் ஒரு பிடி கல்லுப்பு. என்ன கேட்டேன்னு நினைவில்ல. படிச்சவன் வீட்டுல இதெல்லாம் எதுக்கு, யார் உங்களைக் கேட்டா, அப்படி ஏதோ கத்தினேன்.

அக்கா கையிலிருந்த உப்புத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒன் அத்தானை லோரியில ஏத்துன அன்னைக்கு வீட்டுல ஒரு கல்லு உப்பு இல்ல தம்பி. ஜப்பான்காரன் காலம். அக்கம்பக்கம் கேட்டுப் பாத்தேன், யார்கிட்டயும் இல்ல. வெறுங்கையத்தான் சுத்துனேன்."

வாசல் பக்கம் திரும்பினார். "வெறுங்கையச் சுத்துனா என்ன போகும்?" என்று சொல்லிவிட்டு விளக்கேற்றப் போய்விட்டார்.

அத்தான் சயாமுக்கு ரயில்பாதை போடப் போனவர். திரும்பவில்லை. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவர் போன பிறகுதான் வீட்டுக்கு வந்தேன்.

24 ஆகஸ்ட், சனி

இரண்டு கிராம், எதிர்பார்த்தபடி.

கடைசியில் உள்ளும் வெளியும் கண்ட உப்பைக் கூட்டி, ஜாடியில் நான் போட்ட உப்போடு இன்று ஒப்பிட்டுப் பார்த்தேன். கண்டது அதிகம். ஒவ்வொரு சனியும் அதிகம். கீழ்வகுப்புப் பையன் போடும் கூட்டல். ஏழு மாதமாக அதை நான் போடவில்லை. விடை பிடித்திருந்தது, பிடித்த விடையை யாரும் சரிபார்ப்பதில்லை.

கிராணியைக் காவல் வைத்தேன். கண்ணேறு அவன் இருக்கும் பக்கமே வரவில்லை.

26 ஆகஸ்ட், திங்கள்

பேராசிரியர் அடுத்த மாதம் கிளம்புகிறார். நான் ஒன்றும் சொல்லாவிட்டால்? லண்டனில் யாரும் வெள்ளிக்கிழமை உப்புச் சுற்றப் போவதில்லை. அவர்களுக்குக் கால் கிராம்தான் வரும். கோழி வேறு, வெப்பம் வேறு, மலாயா வேறு என்று சொல்லிக்கொள்ளலாம். உலகம் மலாயாவைப் பற்றி எதையும் நம்பும். அதற்குள் எனக்கு இரண்டு வருஷம் முடிந்திருக்கும்.

இதை அறிந்தவர் இருவர். ஒருவர் நான். இன்னொருவருக்குத் தான் அறிந்தது என்ன என்று தெரியாது.

28 ஆகஸ்ட், புதன்

ஒரு விஷயம் தூக்கத்தைக் கெடுக்கிறது. அக்கா போடும் உப்பு மாலையில் விழுகிறது. மறுநாள் காலையில்கூட அது பைக்குள் முழுதாகப் போய்ச் சேரவில்லை. அதனால்தான் உள்ளே குறைவு; அதனால்தான் புரதம் தண்ணீரைக் குடித்ததுபோல் தோற்றம். அப்படியானால் கலக்காமல் வைத்த ஜாடிக்கு ஓர் இரவு போதாது.

பேராசிரியரின் பழைய கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். செய்முறைப் பகுதியில் ஒரு வரி. பைகளை ஓர் இரவு தொங்கவிட்டாராம்.

அவர் வீட்டில் யாரும் உப்புச் சுற்றவில்லை. தேவைப்படவும் இல்லை.

ஆக, நான் எழுதும் கடிதம் இரண்டு முடிவுகளைக் கொல்லும். என்னுடையது ஏழு மாதக் குழந்தை. அவருடையதற்கு இருபது வயது.

31 ஆகஸ்ட், சனி

மெர்டேக்கா, சுதந்திர நாள். காலையில் அக்காவும் மக் பாக்கியமும் நானும் திடலுக்குப் போனோம். கூட்டம், கொடி, பாண்டு வாத்தியம். மக் பாக்கியம் புதுச் சாரோங் கட்டியிருந்தார். தேதி இன்னும் கிடைக்கவில்லையாம், ஆனாலும் வந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினேன். ஒன்றையும் விடவில்லை: உப்பு, வெள்ளிக்கிழமை, கிராணி, கூட்டல், ஓர் இரவு. அக்காவின் பெயரை எழுதவில்லை. 'வீட்டில் ஒருவர்' என்று எழுதினேன்.

தபால் நிலையம் மூடியிருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம், எனக்கு இரண்டு நாள் அவகாசம்.

3 செப்டம்பர், செவ்வாய்

போட்டுவிட்டேன். பெட்டியின் வாயில் கை கொஞ்ச நேரம் நின்றது. பின்னால் நின்ற சீனத் தவ்கே, கடை முதலாளி, தொண்டையைக் கனைத்தார். விஞ்ஞானத்தின் நேர்மைக்கு அவர் பங்கும் உண்டு.

22 செப்டம்பர், ஞாயிறு

கப்பலேறும் முன் எழுதியிருக்கிறார். ஒரு பக்கம்கூட இல்லை.

"அன்புள்ள கருணாகரன், நானும் ஓர் இரவுதான் விட்டேன். அன்று சிரித்தவர்கள் இதைக் கேட்டிருக்கலாம், அவர்களும் கேட்கவில்லை. லண்டனில் உங்கள் முடிவையும் என் முடிவையும் வாசிக்கப் போவதில்லை. உப்பு உள்ளே போக எவ்வளவு நேரமாகிறது என்பதை மட்டும் ஒழுங்காக அளந்து தாருங்கள். அதை யாரும் செய்யவில்லை. உதவித்தொகை வேறொருவருக்குப் போகிறது. வீட்டில் உள்ள அவருக்கு என் மரியாதை."

கோழிகளைப் பற்றி ஒன்றும் இல்லை.

6 அக்டோபர், ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன், லண்டன் இல்லை என்று.

"கண்ணுதான்" என்றார் உடனே. "ராஜமாணிக்கம் கண்ணு. கம்பளிய எடுத்துக் குடுக்கும்போதே ஒரு மாதிரி பாத்தான்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக்கையோடு வந்தார்.

"தம்பி. என் உப்பாலயா?"

ஒரு பொய் தயாராக இருந்தது. நல்ல பொய்.

"உப்பால இல்லக்கா. நான் கூட்டிப் பாக்கல, அதால."

"அப்ப உப்பு உள்ள போனது நெசம்."

"நெசம்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னைக்கு நீங்க அத்தானப் பத்திச் சொன்னீங்க."

முந்தானையில் கையைத் துடைத்தார். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

11 அக்டோபர், வெள்ளி

அக்கா பின்னறைக்கு வரவில்லை. விளக்கு மட்டும் ஏற்றினார்.

12 அக்டோபர், சனி

கால் கிராம். ஐந்து ஜாடியிலும். சரியான விடை.

ஒன்றும் சரியில்லை. அக்கா சமைத்த ரசத்தில் உப்பில்லை. நானும் சொல்லவில்லை.

18 அக்டோபர், வெள்ளி

சந்தையில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி வாங்கினேன். ஊறுகாய் போட்டது, கழுவக் கழுவ வாசம் போகவில்லை. கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, கிராணிக்குப் பக்கத்தில் வைத்தேன். மாலையில் அக்காவைக் கூப்பிட்டேன். வாசலுக்கு உள்ளே வரவில்லை.

"இதுல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"இன்னொரு கிராணியா? ஒருத்தன் செஞ்சது போதாதா?"

"இல்லக்கா. வெறும் தண்ணி. உப்புக் கரைக்க."

என்னைப் பார்த்தார். ஜாடியைப் பார்த்தார். சமையலறைக்குப் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். உப்புச் சாடியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப நீ உக்காரு."

முக்காலியில் உட்கார்ந்தேன். என் தலையை மூன்று முறை சுற்றினார். லண்டன் கண்ணு, சிங்கப்பூர்க் கண்ணு என்று இரண்டு புதிதாகச் சேர்ந்திருந்தன. புரதத்தைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அந்த நேரம் என்னோடு உட்கார்ந்திருந்தது. அதற்கும் ஆட்சேபம் இல்லை.

7 டிசம்பர், சனி

உப்பு உள்ளே போகும் வேகம்: நான் நினைத்ததைவிட மெதுவானது, புரதம் அடர்ந்தால் இன்னும் மெது. ஒழுங்காக வருகிறது. இம்முறை ஒவ்வொன்றையும் கூட்டிப் பார்க்கிறேன்.

ஏழாவதான ஊறுகாய் ஜாடியையும் சனிக்கிழமைகளில் அளக்கிறேன். காரணம் கிடையாது. கை பழகிவிட்டது. வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு. அக்காவின் பிடி அப்படி. அளந்ததும் ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் வைக்கிறேன்.

26 ஜனவரி 1958, ஞாயிறு

சிங்கப்பூரிலிருந்து கடிதம். பிரென்டிஸ் போகும் முன் சொல்லி வைத்திருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் ஒரு வருஷத்துக்கு ஓர் இடம், பாதிச் சம்பளம். இதே அளவீடு, முழுப் புரதத்தோடு, அதை வெட்டிய துண்டுகளான பாலிபெப்டைடுகளையும் சேர்த்து. அவை தண்ணீர் பக்கமா, உப்பு பக்கமா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. எனக்கும் தெரியாது என்பதே என் தகுதி.

அக்காவிடம் காட்டினேன்.

"சிங்கப்பூருக்கு ஸ்வெட்டர் வேணுமா?"

"வேணாம்க்கா."

"எடுத்துட்டுப் போ. மழை பேஞ்சா ஆகும்."

8 மார்ச், சனி

நாளைக் காலை தம்பின் வரை பஸ், அங்கிருந்து ரயில். பெட்டி கட்டியாயிற்று. ஸ்வெட்டர் அடியில்.

ஐந்து ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். கிராணியை மக் பாக்கியம் காயாவுக்குக் கேட்டார், கொடுத்தேன். வாழ்நாளில் முதல்முறையாக அதற்குள் ஏதாவது இருக்கும்.

ஏழாவதை மட்டும் அக்கா கொடுக்கவில்லை. "அது இங்கயே இருக்கட்டும்" என்றார்.

பியூரெட் இன்னும் கட்டவில்லை. கடைசியாக ஒருமுறை அளக்கலாமென்று அந்த ஜாடியிலிருந்து எடுத்தேன். உப்பு தீர்ந்ததைக் காட்டும் செங்கல் நிறம் வழக்கமான இடத்தில் வரவில்லை. இன்னும் விட்டேன். வரவில்லை. பியூரெட் தீர்ந்தது. மறுபடி நிரப்பி, துளித்துளியாக விட்டேன். வந்தது.

அக்காவின் வழக்கமான பிடியைப்போல் இரண்டு மடங்கு.

சந்தேகத்துக்கு மறுபடி செய்தேன். அதேதான்.

விரல்கள் கறுத்துவிட்டன. கழுவப் போகவில்லை. நாளை ரயிலில் இப்படியே போகலாம்.